ஏழாவது மாடியும் மூன்றாவது துளையும்

எட்டு மாடி என்று விளம்பரம் செய்யப்பட்டு ஆறு மாடியோடு நின்றுபோன ஒரு குடியிருப்பு எங்கள் பகுதியில் இருக்கிறது. மிச்ச இரண்டு மாடியையும் ஒரு குளியலறை தின்றுவிட்டது என்ற பேச்சு இருபத்தாறு வருடமாக உலவுகிறது.

பேச்சின் சாரம் இது. மண் பரிசோதனைக்காரர் ஒருவர் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தார். அவர் தங்கையின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அதே வீட்டில் கீழே குடியிருந்தார். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குளியலறை. ஒருநாள் காலையில் உள்ளே போய்ப் பாட ஆரம்பித்த கண்ணாடிக்காரர் வெளியே வரவே இல்லை. தோளில் துண்டோடு நின்ற மண்காரர் மனசுக்குள் கறுவிக்கொண்டார். அப்புறம், கண்ணாடிக்காரர் ஏழாவது மாடியில் வீடு பதிவு செய்துவைத்திருந்த அதே மனையில் மண் பார்க்கும் வேலை இவருக்கு வந்தது. மண்ணின் பலத்தைக் காட்டும் எண்ணைக் குறைத்துப் போட்டார். மேலே இரண்டு மாடி காலி. ஏழாவது மாடி காற்றோடு போயிற்று.

முடிதிருத்தும் கடையில் இந்தக் கதைக்கு இரண்டு மாடி. மருந்துக் கடைக்குப் போவதற்குள் மூன்றாகிவிடுகிறது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் கேட்டேன். "சார், அடுத்தவங்க குடும்ப விஷயம், நான் வாயே திறக்க மாட்டேன்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். பாடிய பாட்டு எது என்பது வரைக்கும் அவரிடம் விவரம் இருந்தது.

மாடி தின்னும் குளியலறையை நேரில் பார்க்காமல் விடுவது பாவம் என்று தோன்றியது. போனேன்.

வீடு அப்படியே இருக்கிறது. கீழே இப்போது தையல் வகுப்பு நடக்கிறது. மேலே மண்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியோடு அதே வாடகை வீட்டில் இருக்கிறார். குளியலறை மாடிப்படிக்குப் பின்னால். கைகளை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஒரு குழாய், ஒரு வாளி, துருப்பிடித்த ஆணியில் ஒரு சோப்புப் பெட்டி. கதவை நன்றாகப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்த அடையாளமே இல்லை.

"அதுக்குத் தாழ்ப்பாள் எப்பவுமே கிடையாது" என்றார் பின்னால் வந்து நின்ற மண்காரர். "உள்ள ஆள் இருக்குன்னு எப்படித் தெரியும்? பாடணும். மாப்பிள்ளை பாடுவார், நானும் பாடுவேன். என் தங்கச்சிக்குப் பாட்டு வராது, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுவா. பாட்டு நின்னாதான் சார் இந்த வீட்டுல பயம்."

இப்படியாக, வதந்தியின் முதல் தூண் வாசலிலேயே விழுந்தது. ஆனால் மச்சானும் மாப்பிள்ளையும் இருபத்தாறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது மட்டும் நிஜம். விசேஷங்களில் ஒரே வரிசையில் உட்கார்ந்து, நடுவில் இருக்கும் தங்கை வழியாக, "உங்க அண்ணனுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு", "உங்க வீட்டுக்காரரைக் காத்தாடிக்குக் கீழ உக்காரச் சொல்லு" என்கிற அளவில் போக்குவரத்து. காரணம் தெரிய வேண்டுமானால் இந்த மனிதர் என்ன வேலை பார்த்தார் என்பது தெரிய வேண்டும்.

இவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அறுபத்துமூன்றரை. பூமியில் துளை போட்டு, ஒவ்வொரு ஒன்றரை மீட்டர் ஆழத்திலும் நிறுத்தி, ஒரு கெட்டிக் குழாயை இறக்கி, அதன் தலையில் சுத்தியலை விழவிட வேண்டும். சுத்தியலின் எடை அறுபத்துமூன்றரை கிலோ. விழும் உயரம் முழங்காலைத் தாண்டி, எழுபத்தைந்து சென்டிமீட்டர். குழாயில் சுண்ணாம்பால் பதினைந்து பதினைந்து சென்டிமீட்டராக மூன்று கோடு. முதல் பதினைந்து இறங்குவது கணக்கில் வராது. அது துளை போட்டபோது கலைந்த மண். அடுத்த இரண்டும் இறங்க எத்தனை முறை விழ வேண்டியிருக்கிறதோ அதுதான் எண். எண் பெரிதானால் மண் கெட்டி, சிறிதானால் தளர்ச்சி. இப்படி விழுந்ததை எண்ணி, பென்சிலால் கோடு போட்டு எழுதுவது இவர் வேலை. முப்பத்துநாலு வருடம் எண்ணியிருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சுத்தியல் வந்தது. பக்கத்தில் எடை பொறித்திருந்தது. இவர் அதை நம்பாமல் வண்டியில் ஏற்றி, பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார். அறுபத்தொன்று. திருப்பி அனுப்பினார். "ரெண்டரை கிலோவுல என்னய்யா குடி முழுகிடும்?" என்று மேலாளர் கத்தினாராம். "சுத்தியல் இளைச்சா ரெண்டு தட்டு கூட வாங்கும் சார். சொதசொத மண்ணு பலசாலி மாதிரி நடிக்கும்" என்று இவர் சொல்ல, அன்றிலிருந்து அந்தப் பெயர்.

"இதுல என் கதை தனி" என்றார் அவர் மனைவி, தேநீரை வைத்துக்கொண்டே. "இவரை எல்லாரும் அறுபத்துமூன்றரைன்னு சொல்றாங்கன்னு எங்கப்பாவுக்கு யாரோ சொல்லிட்டாங்க. எடைன்னு நினைச்சுட்டார். கல்யாணத்தன்னிக்குக் கிட்டத்துல பாத்துட்டு என் காதுல, 'பத்து கிலோ குறையுதேம்மா'ன்னார்."

அலமாரியில் நாற்பத்தொரு களப் புத்தகங்கள். சேறு காய்ந்து ஓரம் விறைத்தவை. ஒன்றை எடுத்துப் பிரித்தார். மணல் நெருநெருவென்று மடியில் கொட்டியது. அந்தச் சத்தத்தில் மனிதர் கொஞ்ச நேரம் வேறெங்கோ போய்விட்டார்.

மூங்கில் மாதிரி மூன்று இரும்புக் கால்களை விரித்து நிறுத்துவார்களாம். உச்சியில் கப்பி. சுழலும் உருளையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, கயிற்றுக்காரர் இழுத்து விடும்போது டொம் என்று ஒரு சத்தம். காலியான மனைகளில் அந்தச் சத்தம் நாலு தெரு போகும். ஊரில் புதிதாக எங்கே கட்டடம் வருகிறது என்பதைச் செய்தித்தாளுக்கு முன்னால் அதுதான் சொல்லும். மாலை வேலை முடிந்து வரும்போது கண்ணாடிக் கடை வழியாக வருவார். மாப்பிள்ளை கடையைச் சாத்திவிட்டுப் பின்னிருக்கையில் ஏறிக்கொள்வார். ஒரே சைக்கிள். சட்டையில் சேறு ஒட்டும் என்று பையிலிருந்து ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து நடுவில் வைத்துக்கொள்வார். மறுநாள் காலையில் வரும் செய்தித்தாளும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். முதல் பக்கம் மேலே, விளையாட்டுப் பக்கம் கீழே. எட்டரைக்கு மேலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கும்; பக்கங்கள் இடம் மாறும். சில நாள் கூடையில் பக்கத்துக்குப் பதிலாக, "இன்னும் படிச்சு முடிக்கலை, போய்க் குளிங்க" என்று ஒரு சீட்டு வரும்.

"மாப்பிள்ளை முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்போ ஒரு வார்த்தை பேசலை. எங்கம்மாவோட கண்ணாடியைக் கழட்டி வாங்கி, துடைச்சு, திருகாணியை முறுக்கிக் குடுத்துட்டுப் போயிட்டார். வீட்டுல எல்லாரும் யோசிச்சாங்க. நான்தான் சொன்னேன், முதல் பதினஞ்சு கணக்குல வராதுன்னு" என்றார் அறுபத்துமூன்றரை.

அந்த மாப்பிள்ளைக்கு ஓர் ஆசை இருந்தது. அதை அவர் கடையைப் பார்த்தால்தான் புரியும். கடை ரயில் பெட்டி மாதிரி, நீளம் பத்தடி. கண் பரிசோதிக்க இருபதடி தூரம் வேண்டும் என்பதால், எழுத்துப் பலகையை வாடிக்கையாளரின் தலைக்குப் பின்னால் இடவலம் மாற்றி மாட்டி, எதிர்ச் சுவரில் கண்ணாடி வைத்திருக்கிறார். போக ஒரு பத்து, வர ஒரு பத்து. ஊருக்கெல்லாம் தூரப் பார்வை கொடுத்தவர் பத்தடிக்கு அப்பால் எதையும் நிம்மதியாகப் பார்த்ததில்லை. ஏழாவது மாடி முகப்பில் ஒரு நாற்காலியைப் போட்டு, ஆறு வளைகிற இடம் வரைக்கும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

மனை ஆற்றின் பழைய போக்கில் இருந்தது. அடியில் மணல், ஒன்றரை மீட்டரிலேயே தண்ணீர். வேலை இவருடைய கம்பெனிக்கு வந்தது. தன் சொந்தக்காரர் வீடு வாங்கும் இடம், வேறு ஆளை அனுப்புங்கள் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். "எண்ணத் தெரிஞ்சவங்க வேற யாருய்யா இருக்கா, போ" என்று அனுப்பிவிட்டார்கள்.

முதல் துளை போட்டுக்கொண்டிருந்த நாள். நாலரை மீட்டர் போயிருந்தது. மதியச் சாப்பாட்டு வேளைக்குக் கையில் அடுக்குப் பாத்திரத்தோடு மாப்பிள்ளை வந்து நின்றார். தன் வீடு நிற்கப்போகிற மண்ணைப் பார்க்க ஆசை. இருவரும் பலகைக் குவியல் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"இதுல என்ன மச்சான் அப்படிப் பயப்பட இருக்கு? மணல்தானே? எத்தனை கட்டடம் மணல் மேல நிக்குது!"

"பூமி சும்மா இருக்கிற வரைக்கும் நிக்கும். குலுக்கினா?"

"குலுக்கினா?"

அறுபத்துமூன்றரை பாத்திர மூடியில் ஈர மணலை நிரப்பினார். கடைச் சாவியை வாங்கி அதில் நட்டு வைத்தார். கம்பீரமாக நின்றது. மூடியின் விளிம்பை விரலால் தட்டத் தொடங்கினார். நாலைந்து தட்டில் மணலின் மேல் தண்ணீர் பளபளவென்று ஏறியது. மணல் கூழாகி, சாவி மெதுவாகச் சாய்ந்து, படுத்துவிட்டது. தட்டுவதை நிறுத்தினால் மறுபடி சாதாரண மணல்.

மாப்பிள்ளைக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. பேனாவை நட்டார். மூக்குக்கண்ணாடிக் கூட்டை நட்டார். தன் சட்டைப் பையில் இருந்த சீப்பை நட்டு, "இது எங்க ஹவுஸ் ஓனர்" என்று தட்டினார். இருவருக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நடுவில் கயிற்றுக்காரர் தூரத்திலிருந்து, "அண்ணே, துளையில தண்ணி இறங்குது, ஊத்தவா?" என்று கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டி, "இதோ வரேன்" என்றார்.

போக மறந்தார்.

மணலில் துளை போடுகிறவர்களுக்கு இது பாலபாடம். துளைக்குள் தண்ணீர் எப்போதும் விளிம்பு வரை நிற்க வேண்டும். குறைந்தால், வெளியே நிலத்தில் இருக்கும் தண்ணீர் அடியிலிருந்து உள்ளே பாயும். அடி மணலைக் கிளறி, சோறு கொதிப்பது போலப் பொங்கவைக்கும். அப்புறம் அங்கே எத்தனை ஒழுங்காக எண்ணினாலும், எண்ணுவது பூமியின் மண்ணை அல்ல, நாம் கெடுத்துவைத்த மண்ணை. மாப்பிள்ளை பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் சுத்தியலைப் போட்டார்கள். எண் நாலு. அறுபத்துமூன்றரை துளைக்குள் நூல் விட்டுப் பார்த்தார். தண்ணீர் இரண்டரை மீட்டர் இறங்கியிருந்தது.

அந்த நாளின் பக்கத்தை எனக்குக் காட்டினார். நாலு என்பதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில்: "செல்லாது. துளையில் நீர் குறைந்தது. காரணம் என் கவனக்குறைவு." கையெழுத்து. மறுநாள் இரண்டு மீட்டர் தள்ளி, தண்ணீரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டு இன்னொரு துளை. அதே ஆழத்தில் ஒன்பது. அந்த ஆழத்துக்குக் குறைந்தது பதினாறு வேண்டும் என்று எஞ்சினியர் கணக்குப் போட்டார். நிலம் நன்றாகக் குலுங்கினால் இந்த மணல் மூடியில் இருந்த மணலாகிவிடும் என்று அறிக்கை போயிற்று. மண்ணுக்குள் ஜல்லி அடைத்த கல் தூண்கள் இறக்கி மணலை இறுக்கினார்கள். அதற்கு மேல் ஆறு மாடிதான் தாங்கும் என்றார்கள்.

கண்ணாடிக்காரருக்கு இரண்டாவது மாடியில் வீடு கிடைத்தது. முகப்பிலிருந்து பார்த்தால் எதிர் வீட்டுச் சுவர். பத்தடி.

செய்தி தெரிந்த அன்று மாலை படிக்கட்டில் நடந்த பேச்சை அறுபத்துமூன்றரை வார்த்தை மாறாமல் சொன்னார்.

"முதல்ல நாலுன்னீங்களாமே மச்சான்?"

"ஆமா."

"அப்புறம் ஒன்பதாமே?"

"ஆமா."

"ஒரே ராத்திரியில மண்ணு அஞ்சு வளர்ந்திருக்கு. இன்னொண்ணு அடிங்க, பதினாறு வரும்!"

"நாலு செல்லாதது மாப்பிள்ளை. ஒன்பது செல்லும்."

"ஏன் செல்லாது?"

"தப்பாயிடுச்சு."

"என்ன தப்பு?"

மச்சான் களப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

"கண்ணு பாக்கறப்போ நாங்க மூணு தடவை கேக்கறோம். இது தெளிவா, அது தெளிவான்னு. ஒரு ஆளோட கண்ணுக்கே மூணு தடவை. நூறு குடும்பம் இருக்கப்போற மண்ணு, மூணாவது துளை போடக் கூடாதா?"

"வேணும்கிற நம்பர் வர்ற வரைக்கும் அடிச்சா அதுக்குப் பேர் டெஸ்ட் இல்ல மாப்பிள்ளை, பிரார்த்தனை."

அத்தோடு நின்றது பேச்சு. மறுநாள் கூடை இறங்கியபோது கீழே யாரும் எடுக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் கட்டடம் முடிந்து கீழ்வீட்டார் அங்கே குடிபோனார்கள்.

"ஏன் தப்புன்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"என்னன்னு சொல்றது? நீங்க சாப்பாடு எடுத்துட்டு வந்தீங்க, சிரிச்சுப் பேசினோம், அதுல உங்க வீட்டு மண்ணைக் கெடுத்தேன்னா? அந்த ஒரு மத்தியானத்தையாவது அவர் நல்லபடியா வெச்சுக்கட்டும்னு விட்டேன். எழுதிடாதீங்க சார்."

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லமாட்டேன் என்று யாரும் வாக்கு வாங்கவில்லை.

எனக்கும் சில நாளாகப் படிக்கும்போது எழுத்து மங்கியது. நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்காரர் என் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். கல்லாப் பக்கம் அவர் மனைவி, அதாவது அறுபத்துமூன்றரையின் தங்கை, உட்கார்ந்து சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது தெளிவா... அது தெளிவா?"

"ரெண்டாவது. உங்க மச்சானைப் பாத்துட்டு வரேன்."

வில்லை பிடித்த விரல் நின்றது. "நல்லா இருக்காரா?" என்று என்னிடம் கேட்கவில்லை, மனைவியிடம், "உங்க அண்ணன் எப்படி இருக்காராம்னு சாரைக் கேளு" என்றார்.

"வாய் இருக்கில்ல, நீங்களே கேளுங்க" என்றார் அந்த அம்மாள். "இருபத்தாறு வருஷமா ரெண்டு பேருக்கும் நான் தபால்காரி. சார், இவங்களுக்காக ஒரு சின்ன பூகம்பமாவது வரக் கூடாதான்னு நான் வேண்டாத நாள் இல்ல. பாத்திரம் உருளுற அளவுக்குப் போதும்."

கண்ணாடிக்காரர் பொருமினார். "பூமி ஒரு தும்மல் கூடத் தும்மலையே சார்! எட்டு மாடி கட்டியிருந்தா எட்டும் இன்னிக்கு நின்னிருக்கும்."

அந்தக் கஷ்டமும் அறுபத்துமூன்றரைக்குத்தான். அவர் எண்ணியது சரியென்றால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு எந்தப் பஞ்சாயத்துக்குப் போக முடியும்?

நான் மூடியைப் பற்றிச் சொன்னேன். சாவி, பேனா, சீப்பு எல்லாம் சொன்னேன். கண்ணாடிக்காரரின் முகத்தில், எனக்குத் தெளிவாகத் தெரிந்த வரையில், அந்த மத்தியானம் முழுக்க ஏறி வந்தது. "ஹவுஸ் ஓனர்!" என்று தானாகச் சிரித்தார். பிறகு கயிற்றுக்காரர் கேட்டதையும், மச்சான் கையைக் காட்டியதையும், இறங்கிய தண்ணீரையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"இதோ வரேன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு சார்" என்றார் மெல்ல. "நான்தான் கையைப் பிடிச்சு, சீப்பைப் பாத்துட்டுப் போங்கன்னேன்."

என் மூக்கில் சட்டத்தோடு என்னை அப்படியே விட்டுவிட்டுக் கடையை விட்டு இறங்கினார். தங்கை என்னைப் பார்த்தார். நான் சட்டத்தைக் கழற்றி வைத்தேன். இரண்டு பேரும் பின்னால் ஓடினோம்.

படிக்கட்டில் ஏறும்போதே கண்ணாடிக்காரர் கத்த ஆரம்பித்துவிட்டார். "மச்சான்! காரணத்தைச் சொல்லாம நம்பரை மாத்தினா எவன் நம்புவான்? அன்னிக்கே சொல்லியிருந்தா நாலை விட்டுட்டு ஒன்பதை நம்பியிருப்பேனே!"

அறுபத்துமூன்றரை வாசலில் நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இங்கே விவரிக்க வேண்டாம். "தப்புதான் மாப்பிள்ளை. சொல்லியிருக்கணும்" என்றார்.

"நாலுல பாதித் தப்பு என்னோடது."

"ஒன்பது மண்ணோடது."

"அது தெரியும். ஆனா மூணாவது துளை பாக்கி."

"மாப்பிள்ளை..."

"பதினாறு வரணும்னு கேக்கலை. மாடியைத் திருப்பிக் குடுன்னும் கேக்கலை. தண்ணியை நான் ஊத்தறேன், நீங்க எண்ணுங்க. என்ன வருதோ வரட்டும். அன்னிக்கு நான் கெடுத்ததை ஒரு தடவை ஒழுங்காப் பாக்கணும்."

அறுபத்துமூன்றரை வாசலிலிருந்து ஒரு படி இறங்கினார். "அது எந்தக் கணக்குலயும் சேராது" என்றார். பிறகு, "சரி. ஒண்ணு பாக்கி" என்றார். தங்கை படிக்கட்டிலேயே உட்கார்ந்து, இருபத்தாறு வருட வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர் போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. எழுத இரண்டு பேரும் அனுமதி கொடுத்தார்கள், பிழையும் திருத்தினார்கள். பழைய கம்பெனி ஒரு விடுமுறை நாளில் இரும்பு முக்காலியையும் சுத்தியலையும் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. கல் தூண் இறக்காத இடம் அந்த மனையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: வண்டி நிறுத்துமிடத்தின் கோடி, மோட்டார் அறைக்குப் பக்கம். அதற்குச் சங்கத்தின் அனுமதி வேண்டும். பொதுக்குழுவில் இரண்டு தடவை ஏழாவது தீர்மானமாக வைத்தார்கள். இரண்டு தடவையும் போதுமான ஆள் சேராமல் கூட்டம் கலைந்தது. "குளியலறைச் சண்டைக்காகத் துளை போட விட்டா நாளைக்கு எல்லாரும் போடுவாங்க" என்கிறார் செயலாளர். அவர் இன்னும் பழைய பதிப்பைத்தான் நம்புகிறார்.

துளை போட வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். மழைக்கு அழியும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் இறங்கிவந்து புதிதாக வரைகிறார். ஒவ்வொரு தடவையும் வட்டம் ஒரு சாண் கல் தூண் பக்கமாக, அதாவது எண் ஏறும் பக்கமாக, நகர்கிறது என்று அறுபத்துமூன்றரை அளவுநாடாவோடு போய்ப் புகார் சொல்கிறார். "உங்க கண்ணைக் காட்டுங்க மச்சான், பவர் ஏறியிருக்கும்" என்கிறார் மாப்பிள்ளை. துளை இன்னும் விழவில்லை.